தில்லி மழலையர் வகுப்பறையில் தாய்மொழியின் இடம்: எழுத்தர் பள்ளி முதல் தொழிலாளர் குழந்தைகள் காப்பகம் வரை

மழலையர் வகுப்பில் பல பண்பாட்டினரையும் மதித்து ஏற்றல் என்னும் கருத்து இன்று கல்வியியல் நூல்களிலும் அரசின் கொள்கை ஆவணங்களிலும் பெருவழக்காகியுள்ளது. எனினும் நடைமுறையில் அது பெரும்பாலும் ஆண்டுவிழா மேடையில் வேட்டி கட்டிய சிறுவனாகவும், தலைப்பாகை அணிந்த சிறுவனாகவும், கசவுப் புடவை உடுத்திய சிறுமியாகவும் சுருங்கிவிடுகின்றது. அன்றைய மேடையில் தமிழ்நாட்டின் உருவாக நிற்கும் குழந்தை, மறுநாள் வகுப்பில் தாகம் எடுக்கும்போது தன் சொல்லால் தண்ணீர் கேட்கவியலுமா என்னும் வினா எழுப்பப்படுவதில்லை. பண்பாட்டு மதிப்பு என்பதை உடையாலும் உணவாலும் அளப்பது எளிது. மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைக்கு அதன் பண்பாடு பெரும்பாலும் அதன் நாவிலேயே உள்ளது.

தமிழ் மரபு இதனை அறியாததன்று. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் நாவின் பெயரால் அமைந்த தால் பருவம் மூன்றாவதாகவும், குழந்தையை நடந்து வருமாறு அழைக்கும் வருகைப் பருவம் ஆறாவதாகவும் வைக்கப்பட்டுள்ளன. கால் நடை பழகுமுன் நா அசையத் தொடங்குகின்றது என்னும் நோக்கு இவ்வைப்புமுறையில் உண்டு. ஆயினும் பிள்ளைத்தமிழ்க் குழந்தை தாயின் மடியிலும் முற்றத்திலும் வாழ்வது. வேற்றுமொழி வழங்கும் நகரில், அறிமுகமற்ற ஆசிரியை முன் அமர்த்தப்படும் குழந்தை நம் இலக்கியத்திற்கும் ஆய்விற்கும் ஏறத்தாழப் புதியது. தில்லித் தமிழரைப் பற்றிய புனைகதைகள் குறைவல்ல. இந்திரா பார்த்தசாரதியும் ஆதவனும் தலைநகர அலுவலக வாழ்வை நுணுகி எழுதினர். அவற்றுள் அலுவலர் உண்டு, அவர் மனைவி உண்டு, கல்லூரி செல்லும் மகன் உண்டு; மழலையர் வகுப்பில் அமர்ந்திருக்கும் குழந்தை கண்ணில் படுவது அரிது.

தில்லியில் இக்குழந்தைக்கு இருவகை இடங்கள் வாய்த்தன. ஒன்று, அரசு எழுத்தர்கள் தம் பிள்ளைகளுக்காக உருவாக்கிய மொழிவழிப் பள்ளி. மற்றொன்று, கட்டடத் தொழிலாளரின் பிள்ளைகளுக்காகக் கூடாரத்தில் தொடங்கிய காப்பகம். இவ்விரண்டின் வரலாற்றையும் ஒருங்கு வைத்து நோக்குவது இக்கட்டுரையின் பொருளாகும்.

சொல்லும் திணையும்

வரலாற்றிற்குள் புகுமுன், வகுப்பறையில் நிகழும் மொழிச்சிக்கல் இன்னதென அறிதல் வேண்டும். தமிழ்க் குழந்தை உலகத்தை உயர்திணை, அஃறிணை எனப் பகுத்தே பேசப் பழகியிருக்கும். அதற்கு ரொட்டியும் தண்ணீரும் வீடும் மேசையும் அஃறிணை. இந்தியிலோ ரோட்டி பெண்பால், பானி ஆண்பால், மேஜ் பெண்பால், கர் எனப்படும் வீடு ஆண்பால். 'ரோட்டி அச்சா ஹை' என்று கூறும் தமிழ்க் குழந்தை, 'அச்சீ ஹை' என்று திருத்தப்படுகின்றது. திருத்துவது தவறன்று. ஆனால் அக்குழந்தை ஏன் அவ்வாறு கூறியது என்பதை அறியாத ஆசிரியை அதனை மந்தம் எனக் கொள்வதற்கு வாய்ப்புண்டு. ஒலிநிலையிலும் இவ்வாறே. உண்ணும் உணவைக் குறிக்கும் சொல்லும், பாட்டைக் குறிக்கும் சொல்லும் இந்தியில் மூச்சொலியாலும் அதிர்வொலியாலும் வேறுபடுவன. தமிழ் எழுத்தில் இரண்டும் 'கானா' என்றே அமையும். பாட்டுக்கும் சோற்றுக்கும் வேறுபாடு தெரியாத பிள்ளை என்று ஒருவர் நகைப்பாராயின், அந்நகை குழந்தையின் அறிவைப் பற்றியதன்று, கேட்பவரின் அறியாமையைப் பற்றியது.

இதனினும் நுட்பமானது தன்மைப் பன்மை. முன்னிலையாரை உட்படுத்தும் 'நாம்' என்பதனையும், விலக்கும் 'நாங்கள்' என்பதனையும் தமிழ்க் குழந்தை மிக இளமையிலேயே வேறுபடுத்திப் பேசும். முன்னதனை இலக்கண நூலார் உளப்பாட்டுத் தன்மை என்பர். பொதுவழக்கு இந்தியில் இரண்டிற்கும் 'ஹம்' ஒன்றே. 'ஹம் கேலேங்கே' என்று ஆசிரியை கூறினால், அவ்விளையாட்டில் தானும் சேர்த்தியா என்பது சொல்லால் விளங்குவதில்லை; குரலாலும் கையசைவாலும் விளங்க வேண்டும். போஜ்புரி பேசும் வீட்டிலிருந்து வரும் குழந்தைக்கோ 'ஹம்' என்பது 'நான்' என்னும் பொருளே தரும். மராட்டியிலும் குசராத்தியிலும் தெலுங்கிலும் இராசத்தானத்து மார்வாரியிலும் தமிழைப் போலவே உளப்பாட்டு வேறுபாடு உண்டு. ஆகவே தில்லியின் ஒரு வகுப்பில் தமிழ்க் குழந்தையும் மார்வாரிக் குழந்தையும் இவ்வொரு கூற்றில் ஒரு பக்கமும், இந்திக் குழந்தை மறுபக்கமும் நிற்பதுண்டு. மொழிக்குடும்பம் வேறாயினும் நிலை ஒன்றாதல் கருதத்தக்கது. இத்தகைய செய்திகள் ஒப்பியல் இலக்கணத்திற்கு உரியவை என ஒதுக்கப்பட்டுவிட்டன. மழலையர் ஆசிரியைக்கு இவற்றை எளிய முறையில் எடுத்துக்கூறும் கையேடு ஒன்றை ஆக்குவது தமிழ்த்துறைகள் எளிதில் செய்யக்கூடிய பணியாகும்.

மதராசி என்னும் பெயர்

1911 டிசம்பர் 12 அன்று தில்லித் தர்பாரில் தலைநகர் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாற்றப்படும் என அறிவிக்கப்பட்டது. அதனைத் தொடர்ந்து அரசு அலுவலகங்களும், அவற்றின் எழுத்தர்களும் கணக்கர்களும் வடக்கே பெயர்ந்தனர். கோடையில் அரசு சிம்லாவிற்குச் செல்லும். குளிர்காலத்தில் தில்லிக்கு மீளும். மதராஸ் மாகாணத்திலிருந்து வந்த அலுவலர் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இந்நிலையில் நிலையான கல்வி அரிதாயிற்று. 1923இல் தோன்றிய மதராசி கல்விக் கழகம் இக்குறையைப் போக்க எழுந்தது. அன்று ரீடிங் சாலை எனவும் இன்று மந்திர் மார்க் எனவும் வழங்கும் தெருவில் அதன் பள்ளி நிலைபெற்றது. மதராசிப் பள்ளி என்பதே அதன் பெயராக நெடுங்காலம் வழங்கியது.

இப்பெயர் ஆய்விற்குரியது. அன்றைய மதராஸ் மாகாணத்தில் தமிழர் மட்டுமின்றித் தெலுங்கரும், மலபார் மலையாளிகளும், தென்கன்னடம், பெல்லாரிப் பகுதிகளின் கன்னடரும் இருந்தனர். எனவே மதராசி என்பது மொழிப்பெயர் அன்று, மாகாணப் பெயர். வடவர் வேறுபாடு அறியாமல் இட்ட பெயர் என்று மட்டும் அதனைக் கூறிவிடவியலாது. வந்தவர்களே தம்மை அவ்வாறு கூறிக்கொண்டனர் என்பதற்குக் கழகத்தின் பெயரே சான்று. பின்னர் ஒவ்வொரு மொழியினரும் தத்தம் பள்ளிகளை அமைத்தனர். வங்காளியர்க்கு இரைசினா வங்காளிப் பள்ளி அதே மந்திர் மார்க்கில் அமைந்தது. 1948இல் துர்காபாய் தேஷ்முக் ஆந்திரக் கல்விச் சங்கத்தைத் தோற்றுவித்தார். குசராத்தியர் 1958இல் சர்தார் படேல் வித்யாலயத்தை நிறுவினர். மதராசிக் கழகமும் தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் எனப் பெயர் மாறியது. இன்று அது மந்திர் மார்க், லோதி எஸ்டேட், இலட்சுமிபாய் நகர், மோதிபாக், இராமகிருஷ்ணபுரம், ஜனக்புரி, பூசா சாலை ஆகிய ஏழிடங்களில் பள்ளிகளை நடத்திவருகின்றது.

பல மொழி பேசுவோர் கலந்து இனிதிருந்த புகார் நகரைப் பட்டினப்பாலை காட்டும். தில்லியில் அம்மொழியினர் கலந்திருந்த இடம் அலுவலகம்; பள்ளிகளோ தனித்தனிக் கூரைகளின் கீழ் அமைந்தன. இதனைக் குறுகிய மனப்பான்மை என்று கூறுவது எளிது. ஆனால் பொதுப் பள்ளியில் தம் மொழிக்கு ஓர் இருக்கையும் இல்லாதபோது, சிறுபான்மையினர் தமக்கென ஒரு கூரை வேய்வதன்றி வேறு வழி யாது? அரசியலமைப்பின் 29, 30ஆம் உறுப்புகள் இவ்வுரிமையையே உறுதிசெய்தன. மேலும், இப்பள்ளிகள் பெயரால் குறுகியபோதும் சேர்க்கையால் விரிந்தன என்பது மறக்கத்தக்கதன்று. தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகளில் பிறமொழிக் குடும்பத்துப் பிள்ளைகளும் பயில்கின்றனர். ஆங்கு லகர ளகர ழகரங்களில் இடர்ப்படும் இந்திக் குழந்தையின் நிலை, பிற பள்ளியில் அச்சா, அச்சீ என்பவற்றில் இடர்ப்படும் தமிழ்க் குழந்தையின் நிலையை ஒத்ததே. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளியிலும் ஒரு சிறுபான்மைக் குழந்தை உண்டு.

1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மொழிவழிப் பிரிந்தன. 1969இல் மதராஸ் மாநிலம் தமிழ்நாடு ஆயிற்று. மதராசி என்னும் சொல்லுக்குரிய மாகாணம் மறைந்தது. சொல் மட்டும் தில்லித் தெருக்களில் எஞ்சி, தென்னாட்டார் எவரையும் சற்றே எள்ளலோடு சுட்டும் பொதுப்பெயராய் நின்றது. படித்த தமிழர் அதனைத் தம் பள்ளியிலிருந்து நீக்கிக்கொண்டனர். நீக்கிக்கொள்ளவியலாத தமிழரும் தில்லியில் இருந்தனர். அவர்களைப் பற்றிப் பின்னர்க் காணலாம்.

பத்தும் நாற்பதும்

மொழிச் சிறுபான்மைக் குழந்தையின் தொடக்கக் கல்வி பற்றி விடுதலை இந்தியா எடுத்த முதற்பெரு முடிவு 1949 ஆகஸ்டில் நடைபெற்ற மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாட்டில் உருவானது. ஒரு வகுப்பில் 10 பிள்ளைகளேனும், பள்ளி முழுமையில் 40 பிள்ளைகளேனும் ஒரு மொழியினராயின், அம்மொழியில் கற்பிக்க ஆசிரியர் ஒருவர் அமர்த்தப்பட வேண்டும் என்பது அதன் சாரம். மாநில மறுசீரமைப்பு ஆணையம் 1955இல் அளித்த அறிக்கையை ஒட்டி, 1956இன் ஏழாம் திருத்தத்தால் 350அ என்னும் உறுப்பு சேர்க்கப்பட்டது. தொடக்கநிலையில் தாய்மொழிவழிக் கற்பிப்பதற்குப் போதிய வசதி செய்ய மாநிலங்கள் முயல வேண்டும் என்பது அது.

இம்முடிவுகள் போற்றத்தக்கன. ஆனால் 10, 40 என்னும் எண்களை உற்று நோக்கின் அவற்றின் பின்னுள்ள காட்சி புலப்படும். ஒரே தெருவில் அல்லது ஒரே குடியிருப்பில் நிலையாக வாழும், பெயர்ப்பட்டியலில் இடம்பெறும், ஆண்டுதோறும் அதே பள்ளிக்கு வரும் குழந்தைகளின் காட்சி அது. அரசு அலுவலர் குடியிருப்பிற்கு அது பொருந்தும். பத்துக் குழந்தைகள் ஐந்து மொழி பேசும் இடத்தில் எம்மொழியும் பத்தை எட்டாது. அத்தகைய இடத்தில் ஒவ்வொரு குழந்தையும் சிறுபான்மையே. ஒன்றுக்கும் விதி துணைநிற்பதில்லை. மேலும் இவ்விதிகள் தொடக்கப்பள்ளி தொடர்பானவை. ஆறு வயதிற்குக் கீழ்ப்பட்ட குழந்தையைப் பற்றி அவை பேசவே இல்லை.

2002இன் 86ஆம் திருத்தம் ஆறு முதல் பதினான்கு வயதுடையோர்க்குக் கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. ஆறு வயதிற்குட்பட்டோர்க்கு 45ஆம் உறுப்பின்கீழ் அரசு முயல வேண்டும் என்னும் அளவிலேயே நின்றது. 2009இன் கல்வி உரிமைச் சட்டமும் பயிற்றுமொழி இயன்றவரை தாய்மொழியாக இருத்தல் வேண்டும் என்று கூறி, முன்பருவக் கல்வியை அரசின் விருப்பிற்கு விட்டது. நாவின் பருவம் உரிமையின் எல்லைக்கு வெளியே நின்றது எனலாம்.

இராஜ்காட், 1969

காந்தியடிகள் நூற்றாண்டையொட்டி 1969இல் தில்லி இராஜ்காட்டில் கண்காட்சிக் கட்டடங்கள் எழுந்தன. அங்குக் கல்லும் மண்ணும் சுமந்த பெண்களின் கைக்குழந்தைகள் புழுதியிலும் வெயிலிலும் கிடந்ததை மீரா மகாதேவன் கண்டார். அவ்விடத்திலேயே கூடாரம் ஒன்றில் குழந்தைகள் காப்பகம் தொடங்கப்பட்டது. மொபைல் கிரஷஸ் என்னும் அமைப்பின் தோற்றம் இதுவே. கட்டடப் பணி நடக்கும் இடத்திற்குக் காப்பகம் செல்லும். பணி முடிந்தால் அடுத்த இடத்திற்குப் பெயரும் என்பதனால் நடமாடும் காப்பகம் என்னும் பொருள்பட இப்பெயர் அமைந்தது.

மீரா மகாதேவனின் பின்னணி இங்குக் கருதத்தக்கது. அவர் பெனே இசுரேல் எனப்படும் மராட்டி பேசும் யூதச் சமூகத்தில் மிரியம் என்னும் பெயரோடு பிறந்தவர். இந்தியில் நாவல் எழுதியவர். காந்திய எழுத்தாளர் டி.கே. மகாதேவனை மணந்தவர். மிகச் சிறிய சமூகம் ஒன்றில் பிறந்து வேற்றுமொழியில் எழுதிய ஒருவர், எந்தப் பட்டியலிலும் சேராத குழந்தைகளைக் கண்டார் என்பது தற்செயலாக இருக்கலாம். ஆயினும் தன்னைச் சூழ்ந்தோர் பேசுவது தன் வீட்டுமொழி அன்று என்னும் நிலையை அவர் அறிந்திருந்தார் என்பதில் ஐயமில்லை.

இக்காப்பகங்களில் கைக்குழந்தைகளுக்குத் தொட்டில் இருந்தது. மூன்று வயது கடந்தோர்க்குப் பால்வாடி இருந்தது. தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்வதற்காகவே பள்ளி செல்லாத மூத்த பிள்ளைகளுக்கும் எழுத்தறிவு புகட்டப்பட்டது. மூன்று வயதினரும் ஓரிடத்தில் அமைந்தமை மொழிநோக்கில் பெரிய பயன் தந்திருக்க வேண்டும். தங்கையின் மழலையை ஆசிரியைக்கு விளக்கிக் கூறும் எட்டு வயது அக்கையைக் காட்டிலும் சிறந்த மொழிபெயர்ப்பாளர் அங்கு யார் இருக்கவியலும்? பாலூட்ட வரும் தாயும் அவ்வாறே. குழந்தையின் மொழி அறிந்த ஒருவர் வகுப்பறைக்குள் வந்துபோகும் அமைப்பு அது. கதவடைத்த நகர்ப்புற மழலையர் பள்ளியில் இவ்வாய்ப்பு இல்லை.

தில்லியின் கட்டடப் பணிக்கு இராசத்தானம், மத்தியப் பிரதேசம், பீகார், ஒரிசா, ஆந்திரம், தமிழ்நாடு எனப் பல பகுதியினர் வந்தனர். 1982 ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான பணிகளில் இவர்கள் பட்ட இன்னல்கள் உச்ச நீதிமன்றம் வரை சென்றன. மக்கள் சனநாயக உரிமைக் கழக வழக்கில் அவ்வாண்டு வெளிவந்த தீர்ப்பு, கட்டடப் பணி இடருடைய பணி என்றும், பதினான்கு வயதிற்குட்பட்டோரை அதில் ஈடுபடுத்தலாகாது என்றும் உரைத்தது. குறைந்த கூலி கொடுத்துப் பெறும் உழைப்பும் கட்டாய உழைப்பே என அது வகுத்த கருத்து சட்ட வரலாற்றில் புகழ்பெற்றது. குழந்தை உழைக்கக்கூடாது என்பது நிலைநாட்டப்பட்டது. உழைக்காத நேரத்தில் அக்குழந்தை எங்கு, எம்மொழியில் இருக்கும் என்பதற்கு விடை காப்பகக் கூடாரத்தில்தான் இருந்தது.

தண்ணீரைத் தமிழ்க் குழந்தை 'தண்ணி' என்னும்; தெலுங்குக் குழந்தை 'நீள்ளு' என்னும்; பிற குழந்தைகள் 'பானி' என்பர். இத்தகைய வகுப்பில் ஆசிரியை எம்மொழியையும் முழுமையாகக் கற்கவியலாது. கற்க வேண்டியதும் இல்லை. தாகம், பசி, உறக்கம், வலி, அம்மா ஆகியவற்றிற்குரிய ஐந்தாறு சொற்களை ஒவ்வொரு மொழியிலும் அறிந்திருந்தால் மூன்று வயதுக் குழந்தையின் அழுகை பாதி நீங்கும். பெருங்கொள்கைகள் பேசும் தாய்மொழிவழிக் கல்வி இவ்வைந்தாறு சொற்களில்தான் தொடங்குகின்றது. ஆனால் கட்டடம் எழுந்தபின் தொழிலாளர் வேறிடம் செல்வர், குழந்தையும் செல்லும், ஆசிரியை கற்ற சொற்கள் பயனின்றி எஞ்சும். நடமாடும் காப்பகத்தின் வலிமையும் எல்லையும் இதுவே.

கிருத்திகாவின் மகள்

தமிழ்த் திறனாய்வாளர் கிருத்திகாவை 'வாஸவேச்வரம்' நாவலால் அறிவர். மதுரம் பூதலிங்கம் என்னும் இயற்பெயருடைய அவர், உயர் அதிகாரியான கணவர் எஸ். பூதலிங்கத்தோடு தில்லியில் நெடுங்காலம் வாழ்ந்து, தலைநகர அதிகார வட்டத்தைத் தம் நாவல்களில் எள்ளி எழுதியவர். சிறுவர்க்கென இராமாயணத்தையும், பாரதியாரின் வாழ்க்கையையும் ஆங்கிலத்தில் எழுதினார் என்பது அத்துணைப் பரவலாக அறியப்படவில்லை. பாரதியார் பற்றிய நூலை என்.சி.இ.ஆர்.டி. வெளியிட்டது. தமிழ்க் கவிஞர் ஒருவரைப் பிறமொழிக் குழந்தைக்கு அறிமுகப்படுத்தும் பணியைத் தில்லியில் அமர்ந்து ஒரு தமிழ் நாவலாசிரியர் செய்தார்.

அவர் மகள் மீனா சுவாமிநாதன். வேளாண் அறிவியலறிஞர் எம்.எஸ். சுவாமிநாதனின் துணைவியார் என்றே செய்தித்தாள்கள் அவரைக் குறிப்பது வழக்கம். முன்பருவக் கல்வி வரலாற்றில் அவருக்குரிய இடம் தனியானது. மத்தியக் கல்வி ஆலோசனைக் குழு அமைத்த முன்பருவக் குழந்தை வளர்ச்சி ஆய்வுக்குழுவிற்கு அவர் தலைமையேற்றார். 1972இல் அளிக்கப்பட்ட அக்குழுவின் அறிக்கை, ஊட்டம், உடல்நலம், விளையாட்டுவழிக் கல்வி ஆகியவற்றைத் தனித்தனித் துறைகளாகப் பிரிக்காது ஒருங்கே நோக்கியது. 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்திற்கு, அதாவது இன்றைய அங்கன்வாடிக்கு, அவ்வறிக்கை அடித்தளமாயிற்று. தாய் கதையால் செய்ததனை மகள் அமைப்பால் செய்தார் என்று கூறுவது மிகையாகாது. கிருத்திகா பற்றிய ஆய்வேடுகள் இத்தொடர்பைக் கருதுவது நன்று.

அங்கன்வாடிப் பணியாளர் அவ்வூர்ப் பெண்ணாக இருத்தல் வேண்டும் என்பது திட்டத்தின் நெறி. சிற்றூரில் இது மொழிச்சிக்கலை இயல்பாகவே தீர்த்துவிடும். ஆசிரியையும் குழந்தையும் ஒரே கிணற்று நீர் குடிப்பவர். தில்லியின் குடிசைப் பகுதியில் 'அவ்வூர்ப் பெண்' என்பவர் யார்? பக்கத்து வீட்டார் பீகாரியாகவும் எதிர்வீட்டார் தமிழராகவும் இருக்கும் சந்தில், அங்கன்வாடியின் மொழி இயல்பாக இந்தியாகவே அமைகின்றது. நெறி நல்லது, அது கருதிய ஊர் வேறு. மீனா சுவாமிநாதன் பிற்காலத்தில் தாழ்ந்த வருவாயுடைய உழைக்கும் பெண்களின் குழந்தைப் பராமரிப்பு பற்றி 'ஹூ கேர்ஸ்?' என்னும் நூலை 1985இல் வெளியிட்டார். அரைநாள் மையம் முழுநாள் உழைக்கும் தாய்க்குப் பயன்படாது என்பது அவர் தொடர்ந்து வற்புறுத்திய கருத்து. 2022 மார்ச்சில் அவர் மறைந்தார்.

ஒரே பெஞ்சில்

வேறுபட்ட குடும்பத்துக் குழந்தைகளை ஒரே வகுப்பில் அமர்த்துவதால் என்ன விளையும் என்பதற்குத் தில்லியே ஆய்வுக்களமாயிற்று. 2007 முதல் தில்லியின் தனியார் பள்ளிகள் பல, ஏழைக் குழந்தைகளுக்கு இடம் ஒதுக்க வேண்டியதாயிற்று. பின்னர்க் கல்வி உரிமைச் சட்டம் 25 விழுக்காட்டை நாடு முழுமைக்கும் விதித்தது. உச்ச நீதிமன்றம் 2012இல் அதனை ஏற்றது. கௌதம் ராவ் என்னும் பொருளியலறிஞர் இப்பள்ளிகளில் ஆய்ந்து 2019இல் வெளியிட்ட முடிவுகள் கவனிக்கத்தக்கன. ஏழைக் குழந்தைகளோடு பயின்ற செல்வக் குழந்தைகள் கொடைமனம் மிக்கவராயினர்; ஓட்டப் பந்தயத்திற்குக் கூட்டாளியைத் தேர்கையில் குடும்ப நிலை பாராது விரைந்து ஓடுபவரையே தேர்ந்தனர்; இந்தியிலும் கணக்கிலும் அவர்தம் தேர்ச்சி குறையவில்லை; ஆங்கிலத்தில் மட்டும் சற்றே குறைந்தது.

இறுதிக் கூற்றைப் பெற்றோர் சிலர் அச்சத்தோடு படிக்கலாம். மொழிநோக்கில் அது வேறொன்றை உணர்த்துகின்றது. அவ்வகுப்பறையில் குழந்தைகள் உண்மையில் ஒருவரோடொருவர் பேசியிருக்கின்றனர். பேசிய மொழி ஆங்கிலமாக இல்லாதிருந்திருக்கலாம். எனினும் இவ்வாய்வு செல்வக் குழந்தைகள் பெற்றதையே அளந்தது. இடம் பெற்ற ஏழைக் குழந்தை அவ்வாங்கில வகுப்பில் தன் சொல்லை எங்கு வைத்தது என்பது தனியே ஆராயப்பட வேண்டியது.

2005இன் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு வகுப்பறையின் பன்மொழிமையை வளமாகக் கொள்ள வேண்டும் என்றது. 2020இன் கல்விக் கொள்கையும், 2022 அக்டோபரில் வெளிவந்த அடித்தள நிலைக் கலைத்திட்டமும் மூன்று முதல் எட்டு வயது வரை வீட்டுமொழியே முதன்மையாதல் வேண்டும் என்றன. ஏட்டளவில் குறை கூற இடமில்லை.

மதராசி முகாம், 2025

தெற்குத் தில்லி ஜங்புராவில், பாராபுல்லா வடிகாலின் கரையில், தமிழ்நாட்டிலிருந்து கூலிவேலைக்கும் வீட்டுவேலைக்கும் வந்த குடும்பங்கள் பல பத்தாண்டுகளாக வாழ்ந்த குடிசைப் பகுதிக்கு மதராசி முகாம் என்று பெயர். அலுவலர் பள்ளி கைவிட்ட பெயரைத் தொழிலாளர் குடியிருப்பு சுமந்தது. அங்கிருந்த குழந்தைகள் பலர் லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில் பயின்றனர். மேலே கூறிய இரு மரபுகளும், எழுத்தர் கட்டிய பள்ளியும் தொழிலாளர் பெற்ற குழந்தையும், ஒன்றுகூடிய அரிய இடம் அது. ஒரு மொழியினர் பலர் ஓரிடத்தில் நிலையாக வாழ்ந்தமையால், 1949ஆம் ஆண்டு விதி கருதிய எண்ணிக்கையும் அங்கு இருந்தது.

வடிகாலை அடைத்து வெள்ளத்திற்குக் காரணமாயுள்ளது எனக் கூறி, தில்லி உயர் நீதிமன்றம் 2025 மே மாதம் அக்குடியிருப்பை அகற்ற ஆணையிட்டது. சூன் 1 அன்று சுமார் 370 வீடுகள் இடிக்கப்பட்டன. அவற்றுள் 189 குடும்பங்களே மாற்று வீட்டிற்குத் தகுதியுடையன எனக் கொள்ளப்பட்டன. மாற்று வீடுகள் தில்லியின் வடகோடியில் நரேலாவில் ஒதுக்கப்பட்டன. ஜங்புராவிலிருந்து நரேலா சாலை வழியே சுமார் 40 கிலோமீட்டர். வீட்டுவேலை செய்யும் பெண்களுக்குப் பிழைப்பும், பிள்ளைகளுக்குத் தமிழும் ஒரே நாளில் தொலைவாயின. வெள்ளம் மெய், வடிகாலின் அடைப்பும் மெய். வீட்டிற்குத் தகுதி அளக்கப்பட்டதுபோல் குழந்தையின் மொழிக்கு இழப்பீடு அளக்கும் முறை எச்சட்டத்திலும் இல்லை என்பதும் மெய்.

தகுதி பெறாத குடும்பங்கள் வாடகை வீடுகளுக்கும், தமிழ்நாட்டிற்கும், நகரின் வேறு மூலைகளுக்கும் பிரிந்தன. ஓரிடத்தில் நாற்பதாக இருந்த குழந்தைகள் பத்திடங்களில் நான்கு நான்காகும்போது, அவர்களுக்கெனத் தமிழாசிரியர் ஒருவரைக் கோரும் எண்ணிக்கை எங்கும் இராது. கட்டடத் தொழிலாளரின் பிள்ளை பணியிடம்தோறும் அடைந்த நிலையை நிலைத்து வாழ்ந்தோரின் பிள்ளையும் இவ்வாறு அடைந்தது. ஆறு வயது நிரம்பியோர் நரேலாவின் பள்ளிகளில் உரிமையோடு சேரலாம். மூன்று வயதுக் குழந்தை செல்லக்கூடியது அங்கன்வாடிக்கே. அங்கன்வாடியின் மொழி இந்தி. தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளும் நகரின் நடுவிலும் தெற்கிலும் மேற்கிலும் அமைந்தவை. நரேலாவிற்கு அவற்றுள் ஓரளவு அண்மையிலுள்ள பூசா சாலைப் பள்ளியும் 25 கிலோமீட்டருக்குக் குறையாத தொலைவில் உள்ளது.